உண்டியல் யாருடையது?

டீச்சரைக் கேளுங்கள்: இந்த இதழில், சிறு பிள்ளைகளும் அவர்கள் கையிலிருக்கும் காசும்

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு ஆறு வயது. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் காசையெல்லாம் உண்டியலில் போட்டு வந்தாள். சில மாதங்களுக்கு முன்பு எங்களுக்கு ஓர் அவசரச் செலவு. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் உண்டியலைத் திறந்து எடுத்துவிட்டோம். சம்பளம் வந்ததும் போட்டுவிடலாம் என்று நினைத்தோம், முடியவில்லை. ஒரு நாள் தூக்கிப் பார்த்துவிட்டுக் கனமே இல்லை என்று அழுதாள். அதிலிருந்து யார் காசு கொடுத்தாலும் அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். ‘சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடுவாள்’ என்கிறார் என் கணவர். சேமிக்கும் பழக்கத்தை அவளுக்கு மறுபடி எப்படிக் கொண்டுவருவது?

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் மகளிடம் எந்தக் கெட்ட பழக்கமும் வந்துவிடவில்லை. அவள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். உண்டியலில் போட்ட காசு காணாமல் போனது. கடையில் கொடுத்த காசுக்கு ஒரு பொருளாவது கையில் நின்றது. அப்படியிருக்க, இரண்டில் எதைச் செய்வாள்?

2013-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே என் காலம் போனது. அந்த அனுபவத்தோடு சொல்கிறேன், இந்த ஆய்வைப் பிள்ளை வளர்க்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுவரை 28 குழந்தைகள். முதலில் படம் வரைகிற வேலை. பழைய கிரேயான்களைக் காட்டி, ‘கொஞ்சம் பொறுத்தால் இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே வந்தது. மீதிப் பேருக்கு, ‘மன்னித்துக்கொள், இருக்கும் என்று நினைத்தேன், இல்லை’ என்ற பதில் மட்டும் வந்தது. ஸ்டிக்கரை வைத்து இன்னொரு முறையும் இப்படியே. அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. ஒரு மிட்டாயை எதிரில் வைத்து, ‘நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருகிறேன்’ என்கிறார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட 14 பேரும் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். அவர்களில் 9 பேர் முழுப் பதினைந்து நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். ஏமாந்த 14 பேரின் சராசரி 3 நிமிடம். அவர்களில் கடைசிவரை பொறுத்தது ஒரே ஒரு குழந்தை.

அந்த இரண்டாவது கூட்டத்தில் இருந்த பிள்ளைகளுக்குப் பொறுமை குறைவு என்று யாரால் சொல்ல முடியும்? யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று அவர்கள் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பாடத்துக்குச் சில நிமிடங்களே போதுமாக இருந்தன. உங்கள் மகள் மாதக்கணக்கில் சேர்த்தவள்.

எனவே பழக்கத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பணம் திரும்பி வர வேண்டும். மொத்தமாகக் கொடுக்க முடிந்தால் இந்த வாரமே கொடுங்கள். முடியாவிட்டால் தவணை வையுங்கள், தவறில்லை. ஆனால் ஒரு தாளில் எவ்வளவு எடுத்தோம், எந்தக் கிழமை எவ்வளவு தருவோம் என்று பெரிய எழுத்தில் எழுதி, அவள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு தவணையையும் அவள் கையிலேயே கொடுத்து, அவளையே எண்ணச் சொல்லி, அந்த வரியை அவளையே அடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கிழமைகளில் ஒன்றுகூடத் தவறக்கூடாது. தவறும் என்று தோன்றினால் தொகையைக் குறைத்து எழுதுங்கள், கிழமையை மாற்றாதீர்கள்.

கூடவே வாயாலும் சொல்ல வேண்டும். ‘உன் காசை உன்னைக் கேட்காமல் எடுத்தோம். அது தப்பு. இனிமேல் கேட்காமல் தொட மாட்டோம்.’ இவ்வளவு போதும். அவசரச் செலவு என்னவென்று விளக்கப் போனால் மன்னிப்பு, செய்ததை நியாயப்படுத்தும் பேச்சாக மாறிவிடும். இதை உங்கள் கணவர் வாயிலிருந்தும் அவள் கேட்பது நல்லது.

உண்டியலின் சாவியோ மூடியோ அவளிடம் இருக்கட்டும். உடைத்தால்தான் திறக்கும் என்கிற வகையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அவள் நினைத்தபோது திறந்து, கொட்டி, எண்ணி, மறுபடி போட முடிய வேண்டும். சில நாள் ராத்திரியில்கூட எண்ணிப் பார்ப்பாள், பார்க்கட்டும். கொஞ்ச காலத்துக்கு அவள் செலவு செய்வதையும் தடுக்காதீர்கள். ‘நாளைக்கு வாங்கலாமா?’ என்று ஒரே ஒரு நாள் தள்ளிப் பாருங்கள். மறுநாள் கேட்காமலே நீங்களாகக் கடைக்குக் கூட்டிப் போங்கள். பிறகு இரண்டு நாள், பிறகு ஒரு வாரம். காத்திருந்தால் கிடைக்கிறது என்பதை அவள் பார்த்தால்தான் நம்புவாள்.

இன்னொரு அவசரம் வராது என்று சொல்ல முடியாது. அப்போது அவளிடம் கேளுங்கள். கேட்டால் ‘மாட்டேன்’ என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

---

கேள்வி: நீங்கள் சொல்லும் அந்த மிட்டாய்ச் சோதனையை ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு என் நான்கு வயது மகனுக்கு வைத்துப் பார்த்தேன். நான் கதவைச் சாத்துவதற்குள் வாயில் போட்டுவிட்டான். காத்திருக்கும் பிள்ளைகள்தான் வாழ்க்கையில் முன்னேறுவார்கள் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: (நான்கு வயது மகனின் தந்தை கேட்டது. மிட்டாய்ச் சோதனை பற்றி மேலும் சிலரும் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பதில் அவர்களுக்கும் சேர்த்து.) பயப்படாதீர்கள் தம்பி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் இந்தச் சோதனைகளை 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் செய்தார். பின்னாளில் அந்தக் குழந்தைகள் வளர்ந்த விதத்தைப் பார்த்து எழுதியதுதான் நீங்கள் சொல்லும் பேச்சுக்கெல்லாம் அடிப்படை. 2018-இல் டைலர் வாட்ஸ் முதலியோர் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை எடுத்து மறுபடி பார்த்தார்கள். சிறுவயதில் காத்திருப்பதற்கும் பின்னாளைய முன்னேற்றத்துக்கும் உள்ள தொடர்பு முன்பு சொன்னதில் பாதியளவே தெரிந்தது. குடும்பப் பின்னணியையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்தப் பாதியும் பெருமளவு சுருங்கிவிட்டது. நான்கு வயதில் தின்ற ஒரு மிட்டாயை வைத்து யாருடைய எதிர்காலத்தையும் எழுத முடியாது.

ஆனால் மிஷலின் வேலையில் நமக்குப் பயன்படும் பகுதி ஒன்று இருக்கிறது. வீடியோக்களில் அது வருவதில்லை. இனிப்பு கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகளால் பொறுக்க முடியவில்லை. அதை மறைத்து வைத்தபோது அதிக நேரம் பொறுத்தார்கள். பொருளைக் காட்டாமல் அதன் படத்தை மட்டும் திரையில் காட்டியபோதும் கூடுதலாகக் காத்திருந்தார்கள். அப்படியானால் நாம் செய்ய வேண்டியது தெளிவு. பையன் ஒரு பொம்மைக்காகச் சேர்க்கிறான் என்றால் அதன் படத்தை வரைந்து டப்பாவில் ஒட்டச் சொல்லுங்கள். சேர்த்து முடிக்கும்வரை பொம்மைக் கடைப் பக்கம் சும்மா கூட்டிப் போகாதீர்கள்.

---

கேள்வி: எத்தனை வயதில் பிள்ளை கையில் காசு கொடுக்கலாம்? எவ்வளவு? ஏழு வயதுக்குள் பணப் பழக்கம் முடிவாகிவிடும் என்று படித்தேன், உண்மையா? என் மகளுக்கு ஏழு முடிந்துவிட்டது.

பதில்: ஏழு வயது என்ற பேச்சு 2013-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் டேவிட் ஒயிட்பிரெட், சூ பிங்கம் இருவரும் எழுதிய அறிக்கையிலிருந்து வந்தது. திட்டமிடுவது, பொறுப்பது, முன்யோசனை போன்றவற்றின் அடித்தளம் அந்த வயதுக்குள் பெரிதும் உருவாகிவிடுகிறது என்பதுதான் அதன் சாரம். அதன் பிறகு கதவு பூட்டப்பட்டுவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் மகள் இன்றைக்குத் தொடங்கலாம்.

எப்போது தொடங்குவது என்பதற்கு நான் வயது பார்ப்பதில்லை. காசை வாயில் போடும் பருவம் தாண்டியிருக்க வேண்டும். பத்து வரை பொருளைத் தொட்டு எண்ணத் தெரிய வேண்டும். சின்னப் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், மதிப்பைப் பார்க்க மாட்டார்கள். ஐந்து வயதுக்காரரிடம் பெரிய நோட்டு ஒன்றையும் சில்லறை நாலைந்தையும் நீட்டினால் சில்லறைக்குத்தான் கை போகும். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் இன்னொன்றும் காட்டினார். இரண்டு வரிசையில் ஒரே எண்ணிக்கையில் காசு வைத்து, ஒரு வரிசையை மட்டும் விலக்கிப் பரப்பினால், அதில்தான் அதிகம் என்பார்கள் சிறுவர்கள். ஆறு, ஏழு வயது வாக்கில்தான் ‘பரப்பினால் எண்ணிக்கை கூடிவிடாது’ என்ற தெளிவு வருகிறது. எனவே அதற்கு முந்தைய வயதில் நாணயமாகவே கொடுங்கள், ஒரே வகை நாணயமாகக் கொடுங்கள். நோட்டும் சில்லறையும் கலப்பது பிறகு இருக்கட்டும்.

மாதத்துக்கு ஒருமுறை என்பது இந்த வயதுக்கு எட்டாத தூரம். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமை. தொகை எவ்வளவு என்றால், ஒரு வாரக் காசில் சின்னதாக ஏதாவது வாங்க முடிய வேண்டும். மூன்று, நான்கு வாரம் சேர்த்தால் கொஞ்சம் பெரியது கைக்கு வர வேண்டும். அதைவிட முக்கியம், வீட்டில் எவ்வளவு கஷ்டம் இருந்தாலும் உங்களால் தவறாமல் கொடுக்க முடிகிற தொகையாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் தாராளமாகக் கொடுத்து மூன்றாவது வாரம் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்பதைவிட, மிகச் சிறிய தொகை ஒழுங்காக வருவது எவ்வளவோ மேல்.

---

கேள்வி: என் மகன், எட்டு வயது, பல வாரம் சேர்த்து ஒரு ரிமோட் கார் வாங்கினான். தரமில்லாத பொருள் என்று கடையிலேயே சொன்னேன், கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் சக்கரம் கழன்றுவிட்டது. அழுதுகொண்டே தூங்கிவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. வேறொன்று வாங்கிக் கொடுக்கலாமா? அல்லது இதுதான் பாடம் என்று விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் எனக்குத் தோன்றியது, அவனைக் கடையில் தடுக்காமல் விட்டீர்களே, அதற்கு ஒரு நன்றி. ‘உன் காசு, உன் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு, அவன் கை நீட்டும்போதெல்லாம் ‘அது வேண்டாம், இது வாங்கு’ என்று மாற்றிவிடும் பெற்றோர்தான் அதிகம். அந்தப் பிள்ளைகள் அந்தக் காசைத் தங்களுடையது என்று ஒருநாளும் நினைப்பதில்லை. தங்களுடையது இல்லாத காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க யாருக்குத் தோன்றும்?

வேறொன்று வாங்கித் தர வேண்டாம். அவன் காசு வீணானாலும் உங்கள் காசு வந்து நிரப்பிவிடும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை பொருளைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டிய தேவையே இருக்காது. ஆனால் ‘நான் அப்பவே சொன்னேன் இல்லையா?’ என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அவன் இழந்ததை அவன் அறிவான். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ‘எவ்வளவு நாள் சேர்த்தாய், இப்படி ஆகிவிட்டதே’ என்று அவனோடு சேர்ந்து வருத்தப்படுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் இருக்கிறது, அது அவனுக்குத் தெரியட்டும்.

பிறகு, ஒன்றிரண்டு நாள் கழித்து, மூன்று காரியம் செய்யலாம். ஒரு மணி நேரத்தில் உடைந்தது என்றால் அது கடைக்காரர் பொறுப்பும்தான். பில் இருந்தால் எடுத்துக்கொண்டு அவனையே கூட்டிப் போங்கள். பேச வேண்டியது அவன், துணைக்கு நிற்பது நீங்கள். மாற்றிக் கொடுத்தால் நல்லது. கொடுக்கவில்லை என்றாலும் பில்லை ஏன் பத்திரமாக வைக்க வேண்டும், ‘திரும்பப் பெறுவதில்லை’ என்று சுவரில் ஏன் எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அவன் கண்ணால் பார்ப்பான். அடுத்து, அந்தச் சக்கரத்தை ஒட்டவோ மாட்டவோ முடியுமா என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பெட்டியோடு தூக்கிப் போட வேண்டாம். மூன்றாவது, அடுத்ததாக எதற்குச் சேர்க்கப் போகிறான் என்று அவன் வாயிலிருந்தே வரும்போது, ‘வாங்குவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?’ என்று கேளுங்கள். அவன் சொல்வதை ஒரு காகிதத்தில் அவன் கையாலேயே எழுதட்டும். சக்கரத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று நிச்சயம் எழுதுவான்.

வாங்கக் கூடாதவை என்று உங்கள் வீட்டில் ஒரு எல்லை இருக்கலாம். கண்ணில் படக்கூடிய தோட்டா பாயும் துப்பாக்கி, காதைக் கிழிக்கும் சத்தம் போடும் பொருள், இப்படி. அவற்றைக் கடைக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். கடை வாசலில் புதிய சட்டம் போடக்கூடாது. எல்லைக்கு உள்ளே அவன் வாங்குவது உங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்தாலும் அது அவன் முடிவு. எட்டு வயதில் ஒரு கார் போவது சின்ன நஷ்டம்.

---

கேள்வி: வீட்டு வேலை செய்தால் காசு என்று வைத்தோம். தட்டு எடுத்து வைத்தால் இவ்வளவு, படுக்கை மடித்தால் இவ்வளவு. முதல் வாரம் ஓடி ஓடிச் செய்தான். இப்போது தண்ணீர் கொண்டு வா என்றால்கூட ‘எவ்வளவு தருவீர்கள்?’ என்கிறான்.

பதில்: அவன் பேச்சைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். நீங்கள் வைத்த விலைப்பட்டியலைத்தான் அவன் படிக்கிறான்.

1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு இங்கே பொருந்தும். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம், ‘வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, பரிசு எதுவும் பேசாமல் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தபோது, முன்பே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். பிடித்துச் செய்த ஒன்று கூலிக்குச் செய்யும் ஒன்றாகிவிட்டது.

தட்டு எடுப்பதும் படுக்கை மடிப்பதும் அந்த வீட்டில் அவன் ஓர் ஆள் என்பதால் செய்வது. உங்களுக்கு யாராவது காசு தருகிறார்களா? அந்தப் பட்டியலைக் கிழித்துவிடுங்கள். ஆனால் சும்மா நிறுத்தினால் ஏமாற்றியதாகத்தான் தோன்றும். இதுவரை சேர்ந்த பாக்கியை முழுக்கக் கொடுத்துவிட்டு, ‘இனிமேல் வாரக் காசு தனி, வேலை தனி’ என்று சொல்லுங்கள். வேலை செய்யாத வாரத்தில் வாரக் காசை நிறுத்துவதும் வேண்டாம். வேலையை வேறு வழியில் கேட்டு வாங்குங்கள். வண்டி கழுவுவது, பழைய செய்தித்தாள் கட்டுவது போல, வெளியாளுக்குக் காசு கொடுத்துச் செய்விக்கிற வேலை ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் கூலி பேசலாம். பேசினால் வேலை முடிந்த உடனே கொடுத்துவிட வேண்டும்.

---

கேள்வி: பேரனுக்கு ஐந்து வயது. சேமிப்பு வளரட்டும் என்று உண்டியலை உடைத்து, அவனையும் கூட்டிப் போய் வங்கியில் கணக்குத் தொடங்கிக் கட்டினேன். கவுன்டரில் இருந்தவர் காசை வாங்கிப் பெட்டியில் போட்டதும் ‘என் காசைக் கொடு’ என்று ஒரே அழுகை. நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டது.

பதில்: ஐயா, வங்கி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவன் பார்த்தது, அறியாத ஒருவர் கை நீட்டி வாங்கியது, பதிலுக்கு ஒரு காகிதத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். தன் காசு அங்கே பத்திரமாக இருக்கிறது, கேட்டால் திரும்ப வரும் என்பது சொல்லி விளங்கும் சங்கதி இல்லை. ஒரு முறை எடுத்துக் காட்டிவிடுங்கள். அவனையும் அழைத்துப் போய், கட்டியதில் ஒரு சிறு தொகையை அதே கவுன்டரில் எடுத்து அவன் கையில் கொடுங்கள். வட்டி பற்றிப் பேச இன்னும் சில வருடம் பொறுக்கலாம். வங்கிக் கணக்கு பெரியவர்கள் வைக்கும் நீண்ட காலச் சேமிப்பாக இருக்கட்டும். அவன் பழகுவதற்கு வீட்டில், கண்ணாடிப் பாட்டில் போல உள்ளே தெரிகிற ஒன்று போதும். மட்டம் ஏறுவதை அவன் பார்க்க வேண்டும்.

---

கேள்வி: எங்கள் வீட்டில் ரொக்கமே புழங்குவதில்லை. எல்லாம் போனில்தான். ‘காசு இல்லை’ என்றால் ‘போனில் கொடு’ என்கிறாள் ஐந்து வயது மகள்.

பதில்: அவள் கண்ணால் பார்ப்பது அதைத்தான். போனைக் காட்டினால் பொருள் வருகிறது, போன் குறைவதே இல்லை. முன்பெல்லாம் பை காலியாவதைப் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்தார்கள். இப்போது அதை நாம்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

அவளுடைய வாரக் காசு மட்டுமாவது கையில் தொடுகிற காசாக இருக்கட்டும். அதற்காக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ரொக்கம் வாங்க மாட்டார்கள் என்றால், நீங்கள் போனில் கட்டிவிட்டு அங்கேயே, அவள் பையிலிருந்து அதே தொகையை எண்ணி உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பரவாயில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்’ என்று விட்டீர்களானால் அது நடக்காது.

நீங்கள் செலவழிக்கும்போதும் வாய்விட்டுப் பேசுங்கள். ‘இந்த மாதம் செருப்புக்கு என்று வைத்ததில் இவ்வளவு போய்விட்டது, இன்னும் இவ்வளவு இருக்கிறது.’ மளிகை வாங்கும்போது இரண்டு பொட்டலத்தையும் எடுத்து, எதை ஏன் எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ‘காசு இல்லை’ என்ற சொல்லை உண்மையிலேயே இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள். காசு இருந்தும் வாங்க விருப்பமில்லை என்றால் ‘இதற்குச் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை’ என்று நேராகச் சொல்லலாம். இல்லை என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் வேறொன்றுக்குப் போனை நீட்டுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

---

கேள்வி: எல்லோரும் பிள்ளை செலவழிக்கிறது என்று எழுதுகிறார்கள். என் மகள் ஒரு காசுகூடச் செலவு செய்ய மாட்டேன் என்கிறாள். ஒன்பது வயது. சேர்த்ததைத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்துத் தினமும் எண்ணுகிறாள். தோழி பிறந்தநாளுக்கு ஒரு பென்சில் வாங்கக்கூட மனமில்லை. சென்ற ஆண்டு என் கணவருக்கு வேலை போய்விட்டது. இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியில் பதில் இருக்கிறது. வேலை போனதை அவளிடம் யாராவது உட்கார்ந்து சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ராத்திரி தாழ்ந்த குரலில் நீங்கள் பேசியதைக் கேட்டு மீதியை அவளே கற்பனை செய்துகொண்டிருப்பாள். குழந்தையின் கற்பனை எப்போதும் நடப்பைவிடப் பயங்கரமாக இருக்கும். வீடு மூழ்கினால் காப்பாற்ற அவளிடம் அந்தக் காசு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கலாம்.

கஞ்சத்தனம் என்றோ, தோழிக்குக்கூடக் கொடுக்க மாட்டாயா என்றோ சொல்லிவிடாதீர்கள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து, இரைச்சல் இல்லாத ஒரு நேரத்தில், நடந்ததைச் சொல்லுங்கள். வேலை போனது, கஷ்டமாக இருந்தது, இதையெல்லாம் குறைத்துச் சமாளித்தோம், இப்போது சம்பளம் வருகிறது, வாடகையும் சாப்பாடும் பள்ளிக் கட்டணமும் எங்கள் பொறுப்பு, உன்னுடையது இல்லை. கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கும். எண்ணுவதைத் தடுக்க வேண்டாம். பென்சிலை இப்போதைக்கு நீங்களே வாங்கிக் கொடுங்கள். அவளாகச் செலவழிக்கும் நாள் வரும்போது முதலில் ஏதோ மிகச் சிறியதாக இருக்கும், அதைப் பெரிய விஷயமாக்கிக் கைதட்ட வேண்டாம். பல மாதம் ஆகியும் பயம் குறையவில்லை, தூக்கமோ சாப்பாடோ கெடுகிறது என்றால் குழந்தைகள் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

---

கேள்வி: டீச்சர், நான் மூன்றாம் வகுப்பு. அண்ணனுக்கு வாரக் காசு என்னைவிட நிறைய. அவன் என்னிடம் ‘எனக்குக் கடன் கொடு, அடுத்த வாரம் தருகிறேன்’ என்றான். கொடுத்தேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது. கேட்டால் சிரிக்கிறான். அம்மாவிடம் சொன்னால் ‘அண்ணன்தானே’ என்கிறார்கள்.

பதில்: கண்ணம்மா, அண்ணனுக்கு வயது கூட, அவன் வாங்க வேண்டிய சாமானும் கூட. அதனால் அவனுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பது சரிதான். நீயும் அந்த வயதுக்கு வரும்போது அவ்வளவு வர வேண்டும். வருமா என்று இப்போதே அப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்.

கடன் வேறு விஷயம். அண்ணனாக இருந்தாலும் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். உன் நோட்டில் எவ்வளவு கொடுத்தாய், என்றைக்குக் கொடுத்தாய் என்று எழுதி அவனிடம் காட்டு. எப்போது தருவான் என்று அவனையே எழுதச் சொல். முழுதாகத் தர முடியாவிட்டால் வாரம் கொஞ்சமாகத் தரலாம், அதையும் எழுதட்டும். அதுவரை மறுபடி கேட்டால் ‘முதலில் பழையது’ என்று சொல். கோபமாகச் சொல்ல வேண்டாம்.

இந்தப் பக்கத்தை அம்மாவிடமும் காட்டு. அம்மா, ‘அண்ணன்தானே’ என்பதற்குப் பதிலாக, வரும் வாரம் அவனுக்கு வாரக் காசு கொடுக்கும்போது தங்கையையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

(அடுத்த இதழுக்குக் கேள்விகள்: பிள்ளைகள் ஒருவர் பொருளை இன்னொருவர் கேட்காமல் எடுப்பது பற்றி. பெயர் போட வேண்டாம் என்றால் அதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.)